சரசு வந்து இறங்க ஒரு வீடு

எங்கள் வாசல் ஒரு மாதம் கிழக்கே பார்க்கும், அடுத்த மாதம் தெற்கே பார்க்கும். ரோடு எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பொறுத்தது. ஜல்லியை அமுக்குகிற ரோடு இஞ்சினுக்குப் பின்னால் சங்கிலி மாட்டி இழுத்துப் போகிற தகர வண்டிதான் எங்கள் வீடு. நாலு இரும்புச் சக்கரம், மேலே தகரக் கூரை. உள்ளே இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். மூன்றாவது ஆள் மடக்கிக்கொள்ள வேண்டும்.

அப்பாசாமி இஞ்சின் ஓட்டுவான். நான் அதற்கு முன்னால் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு வண்டி, மாடு, சைக்கிளை ஒதுக்கிக்கொண்டே நடப்பேன். என் பெண்சாதி சந்திரம்மாள் ஜல்லி கொட்டுவாள். எங்கள் ஒரே பெண் சரசு, வேட்டவலம் ரோடு போட்டபோது அந்த வண்டிக்குள்தான் பிறந்தாள். அன்றைக்கு இஞ்சினை அரை நாள் நிறுத்தி வைத்தார்கள். சாயங்காலம் திரும்பவும் ஓட்டினார்கள். குழந்தை அந்தச் சத்தத்தில்தான் தூங்கியது.

இடம் மாறும்போதெல்லாம் ஒரு முறை உண்டு. வண்டி நின்றதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைப்பவள் சந்திரம்மாள். கிளம்பும்போது சங்கிலி மாட்டுவது நான். கல்லை எடுப்பது அவள். எடுத்துவிட்டுப் பின்னாலிருந்து, "கல்லு எடுத்தாச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் காதில் விழுந்த பிறகுதான் நான் கொடியைத் தூக்குவேன். கொடி மேலே போனால்தான் அப்பாசாமி இஞ்சினை நகர்த்துவான். இருபது வருஷமாக இப்படித்தான். மழையானாலும் சரி, எங்களுக்குள் சண்டையானாலும் சரி.

கீழ்பென்னாத்தூர் ரோடு போட்டபோது மல்லாட்டைக் கொல்லையில் கடலை போடுகிற வீட்டுப் பிள்ளை மூர்த்தி சரசுவைப் பார்த்து, பிடித்துப்போய், அவன் அம்மா ராணியம்மாள் வந்து கேட்டுக் கல்யாணம் நடந்தது. இரண்டு வருஷம் குறை ஒன்றும் இல்லை. சரசுவுக்கு ஐந்தாவது மாதம் நடந்தபோது நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். சாப்பாடு போட்டுவிட்டு ராணியம்மாள் எதிரில் உட்கார்ந்தாள்.

"வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ண தாய் வீட்டுக்கு அனுப்பணும். தலைப்பிரசவம் அங்கதான். எங்க அனுப்பறதுன்னு சொல்லுங்க சம்பந்தி. போன மாசம் அவலூர்பேட்ட ரோட்ல இருந்தீங்க, இந்த மாசம் செங்கம் ரோட்ல கீறீங்க. வலி எடுத்தா மருத்துவச்சி எந்த மைல் கல்லாண்ட வந்து நிக்கணும்?"

மூர்த்தி சிரித்துவிட்டான். சரசு சிரிக்கவில்லை. அவள் தன் அம்மாவைப் பார்த்தாள்.

"வீடுன்னு ஒண்ணு இருந்தா அனுப்பறேன். இல்லேன்னா இங்கயே பெத்துக்கட்டும். ஆனா தாய் வீடு இல்லாத பொண்ணுன்னு ஊர்ல நாலு பேரு பேசுவாங்க. அப்பறம் என்ன கேக்காதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்திரம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். திருவண்ணாமலையில் இறங்கியதும், "அடி அண்ணாமலையில எங்கப்பன் மனை சும்மாதான கெடக்குது" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அவள் அண்ணன் பலராமன் தன் பங்கையும் தங்கைக்கே விட்டுக்கொடுத்தான். எங்கள் கூட வேலை செய்கிறவர்களே வந்து மண் சுவர் வைத்து ஓடு போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் வேலையை விட்டு நின்றோம். காண்ட்ராக்டருக்குப் புது வண்டி வருவதாக இருந்ததால், "இந்த ஓட்டைய நீயே வெச்சுக்க தருமா" என்று பழைய தகர வண்டியையும் எனக்கே விட்டுவிட்டார். அப்பாசாமி அதை இஞ்சினில் கட்டி இழுத்து வந்து, சுவரை ஒட்டி நிறுத்தினான். ஊரே வேடிக்கை பார்த்தது. சந்திரம்மாள் இறங்கியவுடனே சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். அப்புறம்தான் உள்ளே போய்ப் பால் காய்ச்சினாள்.

எனக்கு அந்த வீடு ஒத்துக்கொள்ளவில்லை.

வண்டியில் ஒருத்தர் புரண்டால் வண்டியே லேசாக ஆடும். சந்திரம்மாள் தூங்குகிறாளா, எதையாவது நினைத்துக்கொண்டு கிடக்கிறாளா என்பதெல்லாம் அதில் எனக்குத் தெரிந்துவிடும். இங்கே தரை கம்மென்று கிடந்தது. பக்கத்தில் படுத்திருப்பவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்கு வந்து நின்றால் எதிரே மலை. அந்த மலையை நான் எல்லாப் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மாதிரி இருக்கும், போளூர் ரோட்டிலிருந்து வேறு மாதிரி. எது முதுகு, எது முகம் என்று அப்பாசாமியும் நானும் தர்க்கம் பண்ணுவோம். இங்கே நேற்றுப் பார்த்த அதே பாறை, நேற்று இருந்த இடத்திலேயே இருந்தது. நாளைக்கும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்தபோது பாதம் அரித்தது.

நான் பாயை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் படுக்க ஆரம்பித்தேன்.

அவளும் முழுசாகக் குடி வந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. வண்டியில் கட்டாத சாமான் மிஞ்சாது. இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கினால் சட்டி உடையும், எண்ணெய் கொட்டும். அதனால் சட்டி, பானை, உப்பு ஜாடி, முறம் எல்லாவற்றையும் கயிறு போட்டு ஆணியில் தொங்க விடுவோம். மூடிக்கு மேல் துணி போட்டு முடிச்சுப் போடுவோம். அந்த முடிச்சு சந்திரம்மாளுடையது. இடது கைப்பக்க நுனியை இழுத்தால் அப்படியே அவிழும். வேறு எதை இழுத்தாலும் இறுகும். புது வீட்டிலும் அவள் முதல் வேலையாகச் சுவரெல்லாம் ஆணி அடித்து, எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டாள். ட்ரங்குப் பெட்டிக்குக் குறுக்கே கயிறு. பாய்களையும் சுருட்டிக் கட்டு. சுவர் எழுப்பியவர்கள் ஆசையாக வைத்துக் கொடுத்த மாடம் மூன்றும் காலியாகக் கிடந்தன. எங்கள் இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாசாமி வந்தான். வண்டியைச் சுற்றி வந்து சங்கிலி மாட்டும் கொக்கியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தான்.

"காண்ட்ராக்டரு ஆரணி ரோடு பிடிச்சிருக்காரு. திங்கக்கெழம கெளம்பறோம். கொடிக்கு இன்னும் ஆள் வெக்கல. புது வண்டி எப்ப வருமோ. இதையும் இஸ்துக்குனு போயிடலாம். வர்றியா?"

சந்திரம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"வர்றேன்" என்றேன்.

சொன்ன பிறகு மனதில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரசவம் பார்ப்பது பெண்கள் காரியம். வீடு இருக்கிறது, தாய் இருக்கிறாள். நான் அங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன்? அன்று சாயங்காலம் பல நாளைக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை ராணியம்மாள் மூர்த்தியோடு வீடு பார்க்க வந்தாள். சந்திரம்மாள் விடியற்காலையிலேயே தரையெல்லாம் மெழுகிக் கோலம் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு எல்லம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராணியம்மாள் உள்ளே வந்து நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கட்டித் தொங்கும் சட்டிகளைப் பார்த்தாள். கயிறு சுற்றிய பெட்டியைப் பார்த்தாள். காலி மாடத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"எப்ப காலி பண்றீங்க?" என்றாள்.

"காலியா?" என்றாள் சந்திரம்மாள்.

"எல்லாத்தயும் மூட்ட கட்டி வெச்சிருக்குதே. இது யாரு வீடு? நான் வர்றேன்னு ஒரு நாளைக்கு கேட்டு வாங்கினீங்களா?"

"ஐயோ சம்பந்தியம்மா, எங்கப்பன் மனை இது. நாங்க கட்டின வீடு."

"இருக்கறவங்க வீட்ல மாடத்துல ஒரு டம்ளர் கூடவா இருக்காது? நான் ஒண்ணும் வெவரம் தெரியாதவ இல்ல."

"அம்மா, சும்மா இரு" என்றான் மூர்த்தி.

"நீ சும்மா இருடா."

சந்திரம்மாள் அழுதுவிடுவாள் போல எல்லம்மாளைக் கூப்பிட்டாள். "அக்கா, நீயே சொல்லேன்."

எல்லம்மாள் பொய் சொல்லத் தெரியாதவள். "அவங்க வீடுதாம்மா. இவங்க கட்டினதுதான். ஆனா அந்த அண்ணன் மட்டும் வண்டியிலதான் படுக்கறாரு. வெயிலடிச்சாலும் அங்கதான் குந்தினு இருப்பாரு" என்றாள்.

ராணியம்மாள் என்னைப் பார்த்தாள். கால் கட்டை விரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றேன். புதிதாக மெழுகிய தரை, கோடு விழுந்தது.

"சரி, மோராவது குடிங்க" என்று சந்திரம்மாள் எழுந்தாள். சுவரில் தொங்கிய மோர்ச்சட்டியின் மூடித்துணியில் கை வைத்து இடது நுனியை ஒரு இழுப்பு இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து விழுந்தது.

"நில்லு" என்றாள் ராணியம்மாள். "திரும்பி கட்டு, பாக்கலாம்."

சந்திரம்மாள் புரியாமல் கட்டினாள்.

"எந்த நுனிய இழுத்த?"

"இந்த நுனி."

ராணியம்மாள் தானே இழுத்தாள். அவிழ்ந்தது. திரும்பவும் கட்டச் சொன்னாள், திரும்பவும் இழுத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி! ரெண்டு வருஷமா என் ஊறுகா ஜாடிய கத்தியால அறுத்துக்குனு இருக்கேன்டி! உன் பொண்ணு எங்க வீட்லயும் இப்பிடித்தான் கட்டித் தொங்க வுடுவா. உப்பு, புளி, அவ பொடவ, எல்லாம் ஆணியில. ஊருக்கு கெளம்பறவ மாதிரியே இருக்கறாளே, என்னிக்கு மூட்டய எடுத்துக்குனு ஓடப்போறாளோன்னு நான் தூக்கமில்லாம கெடந்தேன். மூர்த்திய கேட்டா அவனுக்கும் தெரியல."

"வண்டியில வளந்தவ, கட்டாம வெச்சா ஒடஞ்சிடும்னு நெனப்பா" என்றாள் சந்திரம்மாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மோர் குடித்து முடித்ததும் ராணியம்மாள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இந்தம்மா இங்க இருக்கறாங்க. அது தெரிஞ்சு போச்சு. நீங்க இருக்கறீங்களா சம்பந்தி? கொழந்தய பாக்க எங்க பக்கம் ஆம்பளைங்க வருவாங்க. தாத்தா எங்கன்னு கேட்டா எந்த ரோட்லன்னு சொல்றது? அந்த சக்கரம் வண்டில இருக்கற வரைக்கும் எனக்கு நம்பிக்க இல்ல. சக்கரத்த கழட்டினா சொல்லி அனுப்புங்க, பொண்ண அனுப்பறேன்."

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். சந்திரம்மாள் மோர்ச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பாசாமி எதுக்கு வந்துட்டு போனான்?"

"சும்மாதான்."

"சும்மா வர்றவன் கொக்கிய ஆட்டிப் பாத்தானாமே. எல்லம்மா சொன்னா." அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "போறதுன்னா போய்யா. நான் கையப் புடிச்சு இஸ்த்து நிறுத்த மாட்டேன். ஆனா கல்லு நான் எடுக்கமாட்டேன்."

திங்கட்கிழமை காலையில் தெருமுனையிலேயே இஞ்சின் சத்தம் கேட்டது. என் உடம்பு தானாக எழுந்து நின்றது. அப்பாசாமி பின்பக்கமாகவே ஓட்டி வந்து வண்டிக்கு நேராக நிறுத்தினான். நான் சங்கிலியை மாட்டினேன். கொடியை எடுத்துக்கொண்டு இஞ்சினுக்கு முன்னால் போய் நின்றேன். வெயில் முதுகில் இதமாக இருந்தது. எதிரே ரோடு.

பின்னாலிருந்து குரல் வரவேண்டும்.

வரவில்லை. இஞ்சின் தடதடத்துக்கொண்டு நின்றது. அப்பாசாமி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா தருமா, தூக்கு."

போய் எல்லாக் கல்லையும் நானே எடுத்துப் போட்டிருக்கலாம். பெரிய வேலை ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். சந்திரம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. கொடியைத் தூக்கப் பார்த்தேன். தோளுக்கு மேல் கை போகவில்லை. அந்தக் குரல் இல்லாமல் ஒரு தரம்கூட அது மேலே போனதில்லை.

"யோவ், டீசல் எரியுது!"

"ஜாக்கி வெச்சிருக்கியா அப்பாசாமி?" என்றேன்.

அவன் இஞ்சினை நிறுத்தினான். என்னைப் பார்த்தான், சந்திரம்மாளைப் பார்த்தான். "நெனச்சேன்" என்றான். ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னான். பிறகு இறங்கி வந்து ஜாக்கியையும் கடப்பாரையையும் எடுத்துக் கொடுத்தான்.

சக்கரங்கள் லேசில் வரவில்லை. துருப்பிடித்த அச்சாணியை அடித்து அடித்து எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. மத்தியானத்துக்குள் நாலையும் கழற்றி, வண்டியைத் தரையில் இறக்கினோம். சக்கரம் இல்லாமல் அது சின்னதாக, யாரோ விட்டுவிட்டுப் போன பெட்டி மாதிரி இருந்தது. சக்கரங்களைப் புது வண்டிக்கு ஆகும் என்று அப்பாசாமி இஞ்சினில் ஏற்றிக் கட்டிக்கொண்டான். "கொடிக்கு எவனையோ புடிச்சிக்கறேன். உன்ன மாதிரி குறுக்க வர்ற எருமைய திட்ட அவனுக்கு தெரியுமோ இன்னாவோ" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

அப்போதுதான் சந்திரம்மாள் எழுந்து வந்தாள். சும்மா கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, கொல்லைப் பக்கம் திரும்பி நடந்தபடியே பழக்கத்தில், "கல்லு எடுத்தாச்சு!" என்றாள்.

என் கால் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. அவள் பார்த்துவிட்டாள். நான் நிற்கவில்லை. அப்படியே மலை சுற்றும் பாதையில் நடந்துவிட்டேன். சுற்றி முடித்து வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலையின் எல்லாப் பக்கத்தையும் ஒரு தரம் பார்த்தாகிவிட்டது. மறுநாளும் போனேன். "இன்னாண்ணா, தெனம் சுத்தறீங்க, வேண்டுதலா?" என்று எல்லம்மாள் கேட்டாள். சந்திரம்மாள் உள்ளே இருந்து, "ஆமா, பெரிய வேண்டுதல்" என்றாள்.

வளைகாப்பு முடிந்து சரசு வந்த அன்று மூர்த்தியும் ராணியம்மாளும் கூட வந்தார்கள். பஸ்ஸிலிருந்து அவள் இறங்கும்போது இரண்டு கை வளையல்களும் குலுங்கின. நான் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன். ஒரு சைக்கிளை ஒதுக்கினேன். குறுக்கே வந்த மாட்டை அதட்டினேன். சைக்கிள்காரன் முறைத்தான்.

"அப்பா, நான் இன்னா ரோடு இஞ்சினா?" என்று சரசு பின்னாலிருந்து கத்தினாள்.

"பேசாம வா" என்றேன். வாசல் வரும்வரை துண்டைக் கீழே இறக்கவில்லை.