கறிபஃப் கிடைக்காத அம்மா

சுந்தரத்தின் தோளைப் பிடித்து லிஃப்டுக்குள் தள்ளிவிட்டு, கதவு மூடும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார் டாக்டர் அற்புதராஜ்.

"மெதுவா லா. டை கசங்குது," என்றார் சுந்தரம். "மச்சினன்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தது."

"உன்னை யாருய்யா இங்க வரச் சொன்னது?"

"உன் அசிஸ்டன்ட் ஜரீனாதான். 'இவர்தான் அந்தக் குற்றவாளி'ன்னு மேடையில ஏத்திக் காட்டப் போறாங்களாம். வெள்ளைக்காரங்க கைதட்டுவாங்கன்னு சொன்னா. நானும் லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

லிஃப்ட் மேலே போனது. ஹோட்டல் முழுக்க ஏர்கான். அற்புதராஜின் காலர் மட்டும் நனைந்திருந்தது.

கீழே மண்டபத்தில் அரசியல் உளவியல் ஆய்வாளர்களின் மாநாடு. தேநீர் இடைவேளை முடிந்ததும் அவருடைய கட்டுரைதான். மேலிடத்துக்குப் பயந்து மனிதன் பக்கத்து வீட்டுக்காரனை எப்படிக் காட்டிக்கொடுக்கிறான், காட்டிக்கொடுத்த பிறகு அது அவனை எத்தனை காலம் உறுத்துகிறது. இரண்டாம் பாதிதான் புதுசு என்று துறைத் தலைவரே சொல்லியிருந்தார். இன்று நன்றாகப் போனால் பேராசிரியர் பதவி.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, முன்வரிசையில் பிலோமினம்மாளைப் பார்க்கும்வரை.

ஏழாவது மாடி நடைவழியில் யாரும் இல்லை. சுந்தரத்தை ஜன்னல் ஓரத்துக்கு இழுத்துப் போனார்.

"எழுபத்தெட்டுல நாம பண்ணின சோதனை ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? என் வாழ்க்கையிலேயே நல்லா நடிச்சது அதுதான்."

சுந்தரம் துறைமுகத்தில் குமாஸ்தா. ஓய்வு கிடைத்தால் மேடை நாடகம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, குடியிருப்போர் கூட்டம் என்று சொல்லி மேசையைச் சுற்றி ஆறு பேரை உட்கார வைப்பார்கள். ஐந்து பேர் நடிகர்கள். ஒருவர்தான் நிஜம், அவருக்கு எதுவும் தெரியாது. எதிரே தனியாக நிற்கும் சுந்தரம்மீது குற்றச்சாட்டு: அரசாங்கத்துக்கு எதிராக நோட்டீஸ் ஒட்டினான். பெயரை மேலிடத்துக்கு அனுப்பலாமா? பிள்ளைகுட்டிக்காரன் என்று சுந்தரம் கெஞ்சுவார். ஐந்து கைகள் மளமளவென்று எழும். ஆறாவது கை தயங்கித் தயங்கி எழும். சுந்தரத்தை வெளியே இழுத்துப் போவார்கள்.

கொஞ்ச நேரத்தில் அதே சுந்தரம், கறி அடைத்துப் பொரித்த சூடான கறிபஃப் தட்டோடு திரும்பி வருவார். "எல்லாம் நாடகம்ங்க, சாப்பிடுங்க." கை தூக்கியவர் அழுவார், திட்டுவார், கடைசியில் கறிபஃப்பைக் கடித்துக்கொண்டே சிரிப்பார். ஏமாற்றிச் சோதித்த ஆளிடம் உண்மையைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது இந்தத் தொழிலில் கட்டாயம். கலந்துகொண்ட அனைவரிடமும் உண்மை சொல்லப்பட்டது என்று கட்டுரையிலும் ஒரு வரி இருந்தது.

"ஒரு அம்மாவுக்குக் கறிபஃப் கிடைக்கலை," என்றார் அற்புதராஜ்.

"தீர்ந்து போச்சா?"

"விளையாடாதே. பிலோமினம்மாள்னு ஒருத்தங்க. உன்னை இழுத்துட்டுப் போனதும் பாத்ரூம் போறேன்னு எழுந்தாங்க. பின்பக்கமா இறங்கி பஸ் ஏறிப் போயிட்டாங்க."

சுந்தரம் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். "அப்ப அந்தம்மாவைப் பொறுத்தவரைக்கும் நான்..."

"உள்ளே இருக்கே."

"ஏழு வருஷமாவா? நீ போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"தேடினேன். அவங்க இருந்த கடைவீட்டை இடிச்சு எல்லாரையும் அடுக்குமாடிக்கு அனுப்பிட்டாங்க. எந்தப் பக்கம்னு கண்டேன்? இன்னைக்குப் பார்த்தா கீழே முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க." தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார் அற்புதராஜ்.

சுந்தரம் டையைத் தளர்த்தினார். "எனக்கு அந்த முகம் தெரியும். என்னைப் பார்க்காம மேசையையே பார்த்துட்டுக் கை தூக்கினாங்க. நான் வேற, பார்ட் நல்லா வரணும்னு கூடக் கொஞ்சம் அழுது வச்சேன். வா, இப்பவே போவோம். வயிறும் தொந்தியுமா ஆள் நல்லா இருக்கேன்னு முன்னாடி போய் நின்னா முடிஞ்சது."

"இப்ப வேணாம். உன்னைப் பார்த்து மயங்கி விழுந்தாங்கன்னா, அனைவரிடமும் சொல்லப்பட்டதுன்னு நான் எழுதினது அத்தனை பேர் முன்னாடியும் பொய்யாயிடும். பேசி முடிச்சுடறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நானே சொல்றேன்."

"ஏழு வருஷம் வெந்தாச்சு, இன்னும் ஒரு மணி நேரம் வேகட்டும். அதானே, டாக்டரே?"

அற்புதராஜுக்கு அறை வாங்கியது போல இருந்தது. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாப்பாடு வரைக்கும்தான்," என்றார் சுந்தரம். "அப்புறம் நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

லிஃப்ட் கதவு திறந்தது.

"சார், இங்கேயா இருக்கீங்க? கீழே உங்களைத் தேடறாங்க," என்றபடி வந்தாள் ஜரீனா. "இந்தம்மா உங்ககிட்ட தனியா ஏதோ கேட்கணுமாம். அந்தக் கூட்டத்துக்கு வந்த பழைய ஆளுங்களை எல்லாம் நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். சர்ப்ரைஸ். இவங்க இப்ப தெம்பனிஸ் அடுக்குமாடியில இருக்காங்க."

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார் சுந்தரம்.

"டெலிஃபோன் டைரக்டரியிலேயே இருந்துச்சு அங்கிள். ஈஸி லா."

சுந்தரம் மெல்லத் திரும்பி அற்புதராஜைப் பார்த்தார். அற்புதராஜ் ஜன்னலைப் பார்த்தார்.

ஜரீனாவின் பின்னால் நின்ற பிலோமினம்மாள் நீலப் புடவையில் இருந்தார். சுந்தரத்தைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். மயங்கவில்லை, கத்தவில்லை. கிட்டே வந்து, தொட்டால் மறைந்துவிடுவாரோ என்பதுபோல அவர் சட்டைக் கையை விரல் நுனியால் தொட்டார்.

"எப்ப விட்டாங்க தம்பி?"

எத்தனையோ முறை சொன்ன 'எல்லாம் நாடகம்ங்க' வசனத்தைச் சுந்தரம் தொடங்குவதற்குள் பிலோமினம்மாள் முந்திக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க. எல்லாரும் தூக்கினாங்கன்னு நானும் தூக்கிட்டேன்." அவர் அற்புதராஜ் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "சார் தங்கமான மனுஷர். கிறிஸ்துமஸ் நெருங்கினா தவறாம வீட்டுக்கு வருவார். 'இன்னும் மனசு உறுத்துதாம்மா'ன்னு கேட்டு, நான் சொல்றதை எழுதிக்குவார். நீங்க உள்ளே சௌக்கியமா இருக்கீங்கன்னு அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். அது சரி தம்பி, வருஷா வருஷம் உங்களுக்குன்னு சார்கிட்ட முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினேனே, உள்ளே கொடுத்தாங்களா?"