இயற்பியலில் முப்பத்தாறு

பிளஸ் டூ முடிவு வந்த காலையில் பிளெஸ்ஸி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் கைப்பேசி ஒலித்தது கேட்டும் திரும்பவில்லை. வாளி காலியாகி, மாடு அதன் அடியை நக்கத் தொடங்கிய பிறகுதான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். அவ்வளவுதான் சொல்ல முடியும். உயிரியலில் ஐம்பத்திரண்டு, வேதியியலில் நாற்பத்தொன்று. இயற்பியலில் முப்பத்தாறு. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி என்றிருக்க, ஒரே ஒரு மார்க் மிச்சம்.

ஆவூரிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே தள்ளியிருந்தது அவர்கள் ஊர். அப்பா ஆரோக்கியதாஸ் குட்டி யானை சரக்கு வண்டி வைத்து மாத்தூர் கம்பெனிகளுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தவர். பொங்கல் முடிந்த வாரம் பைக்கில் வரும்போது பள்ளத்தில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அம்மா வியாகுலமேரிக்கு மாடும் கடலைக்காடும் இருந்தன. அதனால் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாகத் தங்கியது பிளெஸ்ஸிதான். பள்ளிக்கூடத்தில் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்த நாட்களில் அவள் வார்டில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

செய்தி தெரிந்து பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் வந்தாள். மத்தியானத்துக்குள் விராலிமலையிலிருந்து மாமா தைரியநாதனும் வந்துவிட்டார். அவர் வியாகுலமேரியின் தம்பி. ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார். மார்க்கை வாங்கிப் பார்த்தார்.

"பாவம், புள்ள என்ன செய்யும்? பரிச்ச நேரம் பூரா ஆஸ்பத்திரில கெடந்தா" என்றாள் பொன்னுத்தாய்.

கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த ஆரோக்கியதாஸின் முகம் கோணியது. "எல்லாம் என்னாலதான். எம் மக படிப்பே போச்சு" என்று கண்ணைத் துடைத்தார்.

எல்லாரும் அதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பிளெஸ்ஸி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டாவது தடவை கண்ணைத் துடைத்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஒங்களால இல்லப்பா. அரையாண்டுல பிசிக்ஸ் இருபத்தொம்பது. அப்ப நீங்க நல்லா வண்டி ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க."

"எனக்கு அது புரியவே இல்ல. பதினொண்ணாவதுலயும் புரியல. ஆஸ்பத்திரிக்குப் போகாட்டாலும் இவ்வளவுதான் எடுத்திருப்பேன்."

சொன்னதும் அவளுக்கு மூச்சு லேசானது. ஆரோக்கியதாஸ் மகளையே பார்த்தார். அவர் அழுகை நின்றிருந்தது.

"சரி, ஆனது ஆச்சு" என்றார் மாமா. "பி.ஏ. இங்கிலீஷ் இருக்கு, பி.காம். இருக்கு. நீ என்ன நெனைக்கிற?"

"நீட் எழுதலாம்னு இருக்கேன் மாமா."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அடக்கிக்கொண்டார். "பிளெஸ்ஸி, இந்த மார்க்க வச்சுக்கிட்டா டாக்டருக்கு?"

அதற்குப் பதில் சொல்ல நினைத்திருந்தால் ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அதைக் கேட்டால் மாமா இன்னொரு தடவை சிரித்திருப்பார்.

ஒரு நாள் அப்பாவுக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. பயிற்சி டாக்டர் புவனேஸ்வரி மூன்று இடத்தில் குத்திப் பார்த்தாள். பிளெஸ்ஸியைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். வலியில் அப்பா முனகவும், "ஒரு நிமிசம்ப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போனவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பிளெஸ்ஸி பிளாஸ்க்கிலிருந்த டீயை ஊற்றி நீட்டினாள். புவனேஸ்வரி வாங்கிக் குடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு எழுந்து போய் அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்து நிதானமாகத் தடவிப் பார்த்து, நாலாவது இடத்தில் ஏற்றினாள்.

அதுவரைக்கும் டாக்டர்கள் வேறு மாதிரிப் பிறந்தவர்கள் என்றுதான் பிளெஸ்ஸி நினைத்திருந்தாள். தவறு செய்யாதவர்கள், முதல் தடவையே எல்லாம் வருகிறவர்கள். அந்த டீக்கு அப்புறம் அந்த எண்ணம் போய்விட்டது. அந்த வேலை தனக்கும் வேண்டும் என்று தோன்றியது. பகலெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த வருட நீட்டுக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை. அடுத்த வருடத்துக்குப் படிக்க உட்கார்ந்தாள். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே வழி அடைத்தது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போனாள். அதுவும் அப்படியே. கடைசியில் பொன்னுத்தாய் வீட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். வெட்கமாக இருந்ததால் பெரிய புத்தகத்துக்குள் வைத்துப் படித்தாள்.

வியாகுலமேரி சாணி அள்ளிவிட்டு உள்ளே வந்தபோது பார்த்துவிட்டாள். "இது ஒம்பதாவது புக்குல்ல?"

"ஆமாம்மா."

மறுநாள் சாயங்காலம் வியாகுலமேரி பால் ஊற்றிவிட்டு வரும்போது இடுப்பில் ஒரு புத்தகத்தைச் செருகிக்கொண்டு வந்து மகள் முன்னால் போட்டாள். எட்டாம் வகுப்பு அறிவியல்.

"அதுலயும் புரியாட்டி இதப் பாரு" என்றாள்.

பிளெஸ்ஸி சிரித்தாள். உண்மையிலேயே அது தேவைப்பட்டது. திசைவேகத்துக்கும் வேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை அவள் பள்ளிக்கூடம் முடித்த பிறகுதான் புரிந்துகொண்டாள். புரிந்த அன்று, எங்கே நின்றுபோனோம் என்பது தெரிந்தது. அங்கிருந்து நடக்கத் தொடங்கினாள். கைப்பேசியில் பாட வீடியோக்களைப் பார்த்தாள். ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்தி, வாத்தியாரின் இருமல் எங்கே வரும் என்பது மனப்பாடம் ஆகும்வரை பார்த்தாள். காலையில் மாட்டு வேலை, மதியம் அப்பாவைப் பிடித்து நடக்க வைக்கும் வேலை, மீதி நேரம் படிப்பு.

ஆரோக்கியதாஸ் கோலை ஊன்றி நடக்கத் தொடங்கினார். பிறகு கோலில்லாமல், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து. கிறிஸ்துமஸுக்குள் மறுபடி வண்டி எடுத்தார்.

முதல் நீட்டில் அவளுக்கு வந்த மார்க், சீட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. உயிரியலில் ஓரளவு செய்திருந்தாள். இயற்பியலில் தப்பு விடைகளுக்குக் கழித்ததில் சரியாகப் போட்டதும் போய்விட்டது. அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். வியாகுலமேரி அன்று காட்டுக்குப் போகவில்லை. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் பின்பக்கம் போனால் அவளும் எழுந்து போனாள்.

"நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேம்மா" என்றாள் பிளெஸ்ஸி.

"தெரியும். இருந்தாலும் இருக்கேன்."

மறுநாள் மாமா வந்தார். இந்தத் தடவை சிரிப்பு எதுவும் இல்லை. "நர்சிங் சேந்துரும்மா. அதுவும் ஆஸ்பத்திரி வேலதான். நல்ல வேல. கொறஞ்ச வேலன்னு நெனைக்காத."

"நான் அப்படி நெனைக்கல மாமா. வார்டு நர்சுங்களத்தான் நான் ராத்திரி பகலாப் பாத்தேனே."

"அப்புறம் என்ன?"

வியாகுலமேரிதான் பேசினாள். "தம்பி, இன்னும் ஒரு வருசம் எழுதட்டும். ஏய், நீயும் கேட்டுக்க. அடுத்த வருசமும் வரலேன்னா நர்சிங். அப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போகக் கூடாது. சிரிச்ச மொகமாப் போகணும். சம்மதமா?"

"சம்மதம்மா."

இரண்டாவது வருடம் வேறு மாதிரி இருந்தது. எட்டாவதும் ஒன்பதாவதும் கை கொடுக்கத் தொடங்கியிருந்தன. கணக்கைப் பார்த்ததும் பயந்து குலுக்கல் மாதிரி விடை போடுவதை விட்டாள். தெரியாததைத் தொடாமல் விடப் பழகினாள். மே மாதம் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோது அப்பா வெயிலில் வண்டியோடு நின்றிருந்தார். "எப்படிம்மா?" என்று கேட்டார். "தெரியலப்பா. ஆனா இந்தத் தடவ கேள்வி புரிஞ்சுது" என்றாள்.

முடிவு வந்தபோது வீட்டில் முதலில் நம்பியது யார் என்று சொல்ல முடியாது. அவளைப் போல அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான உள் ஒதுக்கீட்டில் எட்டிப் பிடிக்கக்கூடிய மார்க் வந்திருந்தது. கடைசி வரிசையில்தான், ஆனாலும் வரிசைக்குள் இருந்தாள்.

கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க விராலிமலைக்குப் போனார்கள், அப்பாவும் மகளும். பிரவுசிங் சென்டர்காரர் மார்க் விவரங்களைத் தட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"என்னம்மா, ப்ளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் சேத்தா நாப்பத்தி மூணு பர்சன்ட்தானே வருது?"

"ஆமாண்ணே."

"அம்பது இருந்தாத்தானே மெடிக்கல் போட முடியும்? நீட் மார்க் மட்டும் பத்தாதும்மா. போன வாரம்கூட ஒரு பையன் இதுக்காகவே திரும்பிப் போனான்."

இரண்டு வருடம் அவள் தாண்டி வந்ததாக நினைத்த மார்க் அப்படியே குறுக்கே நின்றது. ஆரோக்கியதாஸ் போனை எடுத்து மைத்துனரைக் கூப்பிட்டார். தைரியநாதன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு, சாக்பீஸ் தூள் படிந்த கையோடு வந்து சேர்ந்தார்.

"விதிமுறைய எறக்குங்க. படிச்சுப் பாத்துருவோம்" என்றார்.

நீளமான ஆங்கிலம். மாமா திரைக்குப் பக்கத்தில் மூக்கு இடிக்கக் குனிந்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். கடைக்காரர் மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார். பல பக்கம் தள்ளியதும் மாமாவின் விரல் ஓர் இடத்தில் நின்றது. அதையே திரும்பவும் படித்தார்.

"அம்பது பொதுப் பிரிவுக்கு. நம்ம பி.சி. நமக்கு நாப்பது போதும்." திரையை விரலால் தட்டினார். "பாத்துக்கங்க, நாப்பது!"

கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். "அட, ஆமா சார். அந்தப் பையன் பொதுப் பிரிவு போலருக்கு. மன்னிச்சுக்கம்மா, நான் எல்லாருக்கும் அதுதான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, வேகமாகத் தட்ட ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் மாமா ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார். "விடுங்க மாமா, எனக்கே சிரிப்புத்தான் வந்துச்சு" என்றாள் பிளெஸ்ஸி.

கலந்தாய்வு சென்னையில். ரயிலில் அவள் தூங்கவில்லை. சான்றிதழ் சரிபார்க்கும் அதிகாரி இயற்பியல் மார்க்கைப் பார்த்து ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்துக்கொண்டாள். நீளமாக ஒரு பதில், சுருக்கமாக ஒரு பதில். அங்கே கண்ணாடி போட்ட ஓர் அம்மா மார்க் பட்டியலை ஒரு பார்வை பார்த்து, திருப்பி, முத்திரை குத்தி, "அடுத்தது" என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெரிய கூடம். மேலே திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயர் கூப்பிடும்போதும் ஓர் எண் குறைந்தது. அரசுக் கல்லூரிகள் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்தன. முன்வரிசையில் ஒரு தாய், மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. ஆரோக்கியதாஸுக்குக் கால் வலித்தது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

அவள் பெயர் வந்தபோது, சென்னைக்கு வடக்கே ஒரு தனியார் கல்லூரியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. கட்டணத்தை அரசே கட்டும். "எம்.பி.பி.எஸ். எடுத்துக்கிறியாம்மா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்றார்கள். "எடுத்துக்கிறேன் சார்" என்றாள்.

வெளியே மரத்தடியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கெடச்சுருச்சும்மா."

"எங்கிட்டு?"

"சென்னைக்கும் அங்கிட்டு. ரொம்பத் தூரம்."

மறுமுனையில் மாடு கத்துவது கேட்டது. பிறகு வியாகுலமேரி விசும்புவது கேட்டது. அம்மா அழுது பிளெஸ்ஸி கேட்டதே இல்லை. அப்பா கால் உடைந்து கிடந்தபோதுகூட.

"அம்மா, ஏம்மா அழுகுறீங்க?"

"ஒண்ணுமில்ல. போன வருசம் நீ படுத்துக் கெடந்தப்ப அழுகணும்னு இருந்துச்சு. அப்ப முடியல. போன வை, பால் பொங்குது."

கல்லூரி தொடங்கி முதல் மாதத்திலேயே பிளெஸ்ஸிக்குத் தெரிந்துவிட்டது, இது சுலபமில்லை என்று. பாடமெல்லாம் ஆங்கிலம். கூட இருந்தவர்கள் பெரிய பெரிய மார்க்கோடு வந்தவர்கள். உடற்கூறியலின் முதல் தேர்வில் அவள் தேறவில்லை. அறைத்தோழி அழகி, சேலம் பக்கத்துப் பெண், அவளும் தேறவில்லை. இருவரும் கேன்டீனில் தோசை வாங்கி உட்கார்ந்தார்கள். அழகிக்கு வாழ்க்கையில் முதல் தோல்வி அது. தட்டைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"மறுதேர்வு எப்பன்னு கேட்டுட்டேன்" என்றாள் பிளெஸ்ஸி. "பதினஞ்சு நாள் இருக்கு. சாப்பிடு மொதல்ல."