நீலா கண்களைப் படித்த கதை

மூளைக் காய்ச்சலில் பிழைத்து எழுந்த நீலாவுக்கு எல்லாம் பழையபடிதான் இருந்தது. பேச்சு சரி, நடை சரி, வஞ்சிரத்தைக் கையில் எடுத்ததும் அது இன்று பிடித்ததா நேற்றையதா என்று சொல்லிவிடும் மூக்கும் சரி. பயம் மட்டும் போய்விட்டிருந்தது. அது போனதே அவளுக்குத் தெரியாது.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வர, அவள் மீன் கூடையோடு நிதானமாகச் சாலையின் குறுக்கே நடந்தாள். புருஷன் தாமோதரன் பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"இன்னாய்யா, மூஞ்ச அப்டி வச்சினு கீற?" என்றாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அவன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவுல ஒண்ணு இருக்கும்மா. அமிக்டலான்னு பேரு. பயத்தை உணர்றதுல அதுக்குப் பெரிய பங்கு. காய்ச்சல்ல உங்களுக்கு அது கெட்டுப்போச்சு."

"ரெண்டுமா?" யாருடைய மண்டையையோ பார்ப்பதுபோல நீலா குனிந்து பார்த்தாள்.

பிறகு முகங்களின் போட்டோக்களைக் காட்டினார். சிரிப்பு, அழுகை, கோபம் எல்லாவற்றையும் நீலா சரியாகச் சொன்னாள். ஒரு பெண்ணின் படத்தில் மட்டும் மாட்டிக்கொண்டாள்.

"வாய தொறந்துனு கீறா. பாட்டு பாட்றாளா?"

"வாயை விடுங்க. கண்ணைப் பாருங்க."

பார்த்தாள். வெள்ளை முழுக்கத் தெரிய, கண்கள் விரிந்திருந்தன.

"ஐய, இவ பயந்துனு கீறா!"

"அதேதான். உங்க பார்வை தானா கண்ணு பக்கம் போகாது. நீங்கதான் நெனப்பு வச்சுப் பார்க்கணும்."

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் எல்லோருடைய கண்ணையும் பார்த்தாள். பக்கத்தில் மீன் விற்கும் பச்சையம்மா கடுப்பானாள்.

"இன்னாமே மொறைக்கிற?"

"மொறைக்கலக்கா. படிச்சினு கீறேன்."

ஒருநாள் சாயங்காலம் கடலுக்குக் கிளம்பும் முன் தாமோதரன் படகருகே கருணாகரனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். படகு கருணாகரனுடையது; தாமோதரன் அதில் மீன் பிடிக்கப் போகிறவன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த நீலா, வழக்கப்படி புருஷனின் கண்ணைப் பார்த்தாள். வாய்தான் சிரித்தது; கண்கள் அந்தப் படத்துப் பெண்ணின் கண்கள்போல விரிந்திருந்தன.

"யோவ், கடலுக்குப் போக உனுக்கு பயமா கீதா?"

"யாரு, இவனுக்கா?" என்று சிரித்த கருணாகரன், தாமோதரன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தாமோதரன் மணலில் உட்கார்ந்தான். போன மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து, வலையில் கால் சிக்கி அவன் தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறான். கரைக்கு வந்ததும் அதையே வேடிக்கைக் கதையாக்கி எல்லோரையும் சிரிக்க வைத்தவன் அவன்.

"அப்பலேர்ந்து ஒவ்வொரு தபாவும் இப்டிதான் கீது. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

கருணாகரன் அவன் தோளில் கை வைத்தான். "இன்னிக்கு நீ வராத மாமு. நாங்க பாத்துக்குறோம்."

படகு போன பிறகு நீலா அவனருகே உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான் வந்தது.

"அது எப்டிய்யா இருக்கும்? எங்க ஆரம்பிக்கும், நெஞ்சுலயா, வயித்துலயா?"

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். பிறகு யோசித்துச் சொன்னான்.

"மொதல்ல கால்ல. முட்டிக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடும்."

"அப்பால?"

"அப்பால வாய் காஞ்சிடும். காதுல தண்ணி சத்தம் கேக்கும்."

யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொல்லிக்கொண்டே போனான். நீலா கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இப்ப பயம் கொஞ்சம் கொறஞ்சி கீது," என்றாள்.

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"பாத்துகினுதான கீறேன். நீ சொல்லு, அப்பால?"