ஆற்றுமுகத்தில் விழுந்த குதிரை

எஸ்ஸவீரா கடற்கரைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காற்றுக்காகவே வருகிறார்கள். பெரிய பட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அலைமேல் வழுக்கிப் போவதற்கு அங்கே அடிக்கிற காற்று மாதிரி கிடைக்காது. குதிரைச் சவாரி விடுகிற அய்யாத்துக்கு அதே காற்றுதான் எதிரி. கண்ணில் மணல் அள்ளிப் போட்டால் யார் குதிரை ஏறுவார்கள்? அந்த வாரம் முழுக்க அவனுடைய ஒரே குதிரையான ஷஹ்பா சேணம் கட்டியபடி நின்றுவிட்டு, சாயங்காலம் அப்படியே வீடு திரும்பியது.

பக்கத்துக் கொட்டகையில் நாலுசக்கர மணல் பைக் வாடகைக்கு விடும் லர்பி அவனைச் சீண்டாமல் ஒருநாளும் இருந்ததில்லை. "என் வண்டி ஓடலேன்னா பெட்ரோல் குடிக்கிறதையும் நிறுத்திடும், அண்ணே. உங்க வண்டி நின்னுக்கிட்டே திங்குதே" என்பான். "உன் வண்டி செத்தா இரும்புக் கடைக்காரன்கூட அழமாட்டான், போடா" என்று அய்யாத் திருப்பிக் கொடுப்பான்.

அன்று மதியத்துக்கு மேல் ஆன்கே என்ற ஜெர்மன்காரப் பெண் வந்தாள். நேரே ஷஹ்பாவிடம் போய்ப் புறங்கையை நீட்டி, அது மோந்து பார்க்கும்வரை பொறுமையாக நின்றாள். பழகினவள் என்று அய்யாத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தனியாகவே ஓட்டிக்கொள்கிறேன், ஆற்றைத் தாண்டி அந்தப்பக்கம் போகலாமா என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்.

மழைக்காலம் முடிந்த கையோடு ஆறு கடலில் சேரும் இடம் தினம் மாறும். நேற்றுக் கெட்டியாக இருந்த மணல் இன்று அடியில் அரித்துப்போய்க் கிடக்கும். அதனால் அய்யாத் காலையிலேயே வெறுங்காலோடு அந்த இடத்தை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் குதிரையை அனுப்புவான். அன்று பார்க்கவில்லை. ஆளே வராத வாரத்தில் அது ஒன்றுதான் குறைச்சல் என்று விட்டுவிட்டான். அவள் கேட்டபோது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அதற்குள் வாய் "போங்க" என்று சொல்லிவிட்டது.

ஷஹ்பா அன்று ஓடின ஓட்டம் அவனுக்கே சந்தோஷமாக இருந்தது. வாரமெல்லாம் கட்டிப்போட்ட கால்கள் அல்லவா? தண்ணீரோரமாகப் புள்ளி மாதிரிச் சிறுத்துக்கொண்டே போனது. ஆற்றுமுகத்தில் முன்கால்கள் சட்டென்று உள்ளே போயின. குதிரை தலைகுப்புற உருண்டது. அந்தப் பெண் தூரப் போய் விழுந்தாள்.

அவன் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஆன்கே ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு குதிரையின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். ஷஹ்பா எழுந்திருக்கப் பார்த்தது, மறுபடி விழுந்தது. இடது முன்காலில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

ஊருக்கு ஒரே மிருக வைத்தியர். அவர் உள்நாட்டில் எங்கேயோ ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்கு முன்னால் வர முடியாது என்று போனில் சொன்னார். "வந்துதான் என்ன பண்ணப்போறேன், அய்யாத்? உனக்குத் தெரியாததா?" என்றார்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. லர்பி ஒரு தார்ப்பாயும் இரண்டு பைக்குகளும் இன்னொன்றை ஓட்ட ஒரு ஆளுமாக வந்தான். குதிரையைத் தார்ப்பாயில் புரட்டிப் போட்டு மேட்டுக்கு இழுக்கப் பார்த்தார்கள். ஷஹ்பா போட்ட சத்தத்தை அய்யாத் அதுவரை எந்த மிருகத்திடமும் கேட்டதில்லை.

"விட்டுடு" என்றான்.

"தண்ணி வருது, அண்ணே."

"விடுன்னு சொல்றேன்ல."

லர்பி வண்டியை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து குந்தினான். "மூச்சு முட்டிச் சாகட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கப்போறோமா? சொல்லுங்க" என்று மெதுவாகக் கேட்டான். பெட்டியிலிருந்து கயிறு அறுக்கும் கத்தியை எடுத்து அய்யாத்தின் கையில் வைத்தான். ஆன்கேயை அந்த இன்னொரு ஆள் மேட்டுக்குக் கூட்டிப் போனான்.

அய்யாத் உட்கார்ந்தான். ஷஹ்பா தலையைத் தூக்கி அவன் மடியில் வைத்தது. வேலை முடிந்து கடிவாளத்தைக் கழற்றும்போது அவன் மார்பில் முட்டி நிற்குமே, அதே பாரம். அவன் கை எழவில்லை. முதல் அலை வந்து இருவரையும் நனைத்துவிட்டுப் போனது. அப்போதும் எழவில்லை.

லர்பி அவன் விரல்களிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டான்.

"தலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. என்னைப் பாக்காதீங்க" என்றான். அறுக்குமுன் சொல்கிற பிஸ்மில்லாஹ் சொன்னான்.

மேட்டில் ஆன்கே அழுதுகொண்டே, என் தப்பு, என் தப்பு என்றாள். தப்பு தன்னுடையது என்று சொல்ல அய்யாத்திடம் அவ்வளவு பிரெஞ்சு இல்லை. "இல்ல, இல்ல" என்று மட்டும் சொன்னான். மன்னித்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நல்ல கையால் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தண்ணீர் வந்துவிட்டதால் அன்று புதைக்க வழியில்லை. மறுநாள் காலையில் கடல் ஷஹ்பாவை ஹோட்டல்களுக்கு நேர் எதிரே கொண்டுவந்து போட்டிருந்தது. நகராட்சி ஆள் டிராக்டரோடு நின்றான். ஆட்கள் குளிக்க வருகிற நேரம், சீக்கிரம் ஆகட்டும் என்றான். பின்காலில் சங்கிலி மாட்டி இழுத்தார்கள். அய்யாத் பின்னாலேயே நடந்தான். அலைச்சறுக்குப் பழக்கும் பையன் ஒருவன் பாடத்தை நிறுத்திவிட்டு, மாணவர்களையெல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னான்.

அன்று லர்பி வீட்டுக்கு வந்தான். சவாரி போகும் பைக் வரிசையின் கடைசியில் வழித்துணையாகப் போக ஆள் வேண்டும், நீங்கள் வந்தால் நல்லது என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். "மணல் பண்ணின வேலைண்ணே. நீங்க என்ன செய்வீங்க?"

"காலையில நான் மிதிச்சுப் பாக்கல, லர்பி."

லர்பி தேநீரைப் பாதி குடித்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு தொலைபேசி அடித்தது. சவாரிக்கு ஆள் அனுப்புகிற விடுதி மேனேஜர். நாளைக்கு இரண்டு பேர், மாறி மாறி ஏறுவார்கள், புதுசு, பயந்த சுபாவம், கூடவே நடந்து போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். அய்யாத் முழுவதும் கேட்டான்.

"குதிரை இல்ல."

"நாளைக்கு வேற யாராவது கேட்டிருக்காங்களா? அப்ப நாளன்னைக்கு?"

"இல்ல" என்றான் அய்யாத். அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டான். சமையலறையில் அவன் மனைவி ருகிய்யா தன் அழுகை கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது.