திரையை அணைத்துவிட்டு

அலங்காநல்லூர் சாலையில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் ஆனிமேரி பதினாறு வருடமாகச் சமூக அறிவியல் ஆசிரியை. அவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. கேள்வித்தாளைக் கணினியில் அடித்து பிரெயில் அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். அதைக் கேட்டுக்கொண்டே அடிப்பார். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் அந்தக் கணினி நான்கு வருடத்தில் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை.

காலாண்டுத் தேர்வு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை கணினியைப் போட்டார். மின்விசிறி சுற்றியது, குரல் வரவில்லை. ஹெட்போனை மாற்றிப் பார்த்தார். பிறகு, பள்ளிக் கணினிகளைக் கவனிக்கும் ஸ்டீபனை அழைத்தார்.

"மிஷினுக்கு என்ன ஆச்சு ஸ்டீபன்?"

"சனிக்கிழமை லினக்ஸோட புது ரிலீஸுக்கு மாத்திட்டேன் டீச்சர். இனிமே சும்மா பறக்கும்."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? நல்லதுதான டீச்சர்."

ஸ்டீபன் வந்து எதையோ தட்டினார். குரல் வந்தது. அவர் போன பத்தாவது நிமிடம் குரல் திக்கத் தொடங்கியது. ஏழாவது கேள்வியில் மொத்தமாக உறைந்தது. அணைத்துப் போட்டால் அடித்த ஏழு கேள்வியும் இல்லை. மறுபடி அடித்தார், மறுபடி உறைந்தது. விரலுக்குப் பழகியிருந்த குறுக்குவழி விசைகள்கூடப் புது ரிலீஸில் இடம் மாறியிருந்தன. மாலைக்குள் நான்கு முறை.

செவ்வாய்க்கிழமை ஸ்டீபன் இணையக் குழு ஒன்றில் உதவி கேட்டிருந்தார். வந்த பதிலைப் படித்துக் காட்டும்போதே சிரித்துவிட்டார்.

"ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு நீங்களே போட்டோ எடுத்து அனுப்பணுமாம் டீச்சர்!"

ஆனிமேரி சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்கவே அருவருப்பாக இருந்தது. எழுந்து தலைமையாசிரியர் சத்தியசீலனின் அறைக்குப் போனார்.

"இம்புட்டு டென்ஷன் எதுக்கு டீச்சர்? நீங்க சொல்லச் சொல்ல ஸ்டீபன் அடிக்கட்டும்," என்றார் சத்தியசீலன்.

"பதினாறு வருஷமா என் பேப்பர நான்தான் சார் அடிக்கிறேன்."

"அதுக்குச் சொல்லல. இப்போதைக்கு..."

"மிஷினச் சரிபண்ணச் சொல்லுங்க சார். என்னைச் சரிபண்ண வேணாம்."

புதன்கிழமை ஸ்டீபன் மறுபடி வந்தார். கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லாத்தான் ஓடுது டீச்சர்," என்றார்.

ஆனிமேரி கையை நீட்டித் திரையின் ஓரத்தைத் தடவி, பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது.

"இப்ப ஓட்டுங்க. மூணே மூணு கேள்வி அடிங்க போதும்."

"டீச்சர்..."

"வைகை எந்த மலையில உற்பத்தியாகுது. மொதல்ல இதை அடிங்க."

ஸ்டீபன் அடிக்க ஆரம்பித்தார். 'வை வை வை வை' என்று குரல் ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டது. எங்கே நிற்கிறோம், அடித்தது விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. கண்டபடி விசைகளைத் தட்டினார். குரல் எதையோ பாதி படித்துவிட்டு நின்றது. அவர் கை திரைப் பக்கம் நகரும் சத்தம் கேட்டு, "போடாதீங்க," என்றார் ஆனிமேரி.

ஐந்து நிமிடம் போயிருக்கும். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"ஒண்ணுமே புரியல டீச்சர்."

"எனக்கு மூணு நாளா இப்படித்தான்."

ஸ்டீபன் மெல்ல, "பழைய ரிலீஸையே போட்டுத் தாரேன்," என்றார்.

"இன்னைக்கே போடுங்க."

எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பழையதைப் போட முடியும் என்றார். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு போட்டார். மாலை மூன்று மணிக்குக் குரல் திக்காமல் பேசியது. ஆனால் பெயர்களைக் கணினி சரியாகச் சொல்வதற்காக நான்கு வருடமாக ஆனிமேரி ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த உச்சரிப்புத் திருத்தங்களை எடுத்து வைக்க ஸ்டீபனுக்குத் தோன்றவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஊர்ப்பெயர்களையும் மன்னர் பெயர்களையும் கணினி பழையபடி கடித்துத் துப்பியது. ஆனிமேரி பல்லைக் கடித்துக்கொண்டு அடித்து முடித்தார். வியாழன் மதியம் கேள்வித்தாள்கள் அச்சாகி வந்தன. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்த பிறகே கட்டினார்.

வெள்ளிக்கிழமை தேர்வு தொடங்கியதும் ஸ்டீபன் ஒரு டீயோடு ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். ஆனா ஒண்ணு, வர்ற ஏப்ரலோட பழசுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னுரும். அப்ப மாத்தித்தான் ஆகணும்."

"மாத்துங்க. மொதல்ல வேற மிஷின்ல போட்டுக் குடுங்க. ஒரு மாசம் நான் ஓட்டிப் பாப்பேன். நான் சரின்னு சொன்னப்புறம் இதைத் தொடுங்க."

"சரி டீச்சர்."

"ஹெச்.எம். கிட்டயும் சொல்லிட்டேன். எழுதியே குடுத்துட்டேன்."

அவர் டீயை நீட்டியபடி நின்றார். ஆனிமேரி கை நீட்டவில்லை. "மேஜையில வச்சிட்டுப் போங்க," என்றார். அவர் நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பது ஆனிமேரிக்குத் தெரியும். இருந்தும் அந்த டீயைக் குடிக்க அவருக்கு மனம் வரவில்லை.