அது பாட்டுக்கு ஓடும்

ஐஸ் பெட்டியின் ஒயரைச் செருக அந்த வீட்டில் ஒரே ஒரு பிளக்தான் தோதாக இருந்தது. அதில் கம்ப்யூட்டர் செருகியிருந்தது. "இதைப் பிடுங்கிக்கலாமா?" என்று பெட்டி கொண்டுவந்தவர் கேட்டு வாய் மூடுவதற்குள் டன் எழுந்து போய்த் தன் கையாலேயே பிடுங்கிவிட்டார். திரை ஒரு தரம் வெட்டி இருண்டது. அதில் நின்றிருந்த பச்சைக் கோடும், கோட்டின் நுனியில் இருந்த நூறு என்ற எண்ணும் போயே போய்விட்டன. கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் விளங்கியிராது. ஆனாலும் அவருக்குக் காது மடல் சுட்டது.

டன் என்பது அவர் பெயர் இல்லை. சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டீ ஆறுவதற்குள் ஒரு டன் சரக்கை இறக்கிக் காட்டுவேன் என்று சவால் விட்டு, இறக்கியும் காட்டிவிட்டு, ஆறாத டீயை வாங்கிக் குடித்தவர். அன்றைக்கு ஒட்டிய பெயர். கட்டிய மனைவிகூடக் கோபம் வந்தால் "என்ன டன்னு, காது கேக்கலையா?" என்றுதான் கேட்பாள்.

அவள்தான் இப்போது பெட்டிக்குள் இருந்தாள். நேற்று மத்தியானத்துக்கு மேல் போனவள்.

"குடுத்து வச்சவ. புருஷன் மடியிலேயே கண்ணை மூடிட்டா" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் அவளுடைய அக்கா. பெரியவள் இதைப் பொய்யாகச் சொல்லவில்லை. நேற்று ஓடி வந்தவள் முதலில் கேட்டது, "பக்கத்துல தானே இருந்தீங்க தம்பி?" டன் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்த ஒரு தலையாட்டலுக்குப் பொழுது சாய்வதற்குள் கை முளைத்தது, கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். பிறகு வாய் முளைத்தது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாராம். இன்று காலையில் மடியும் வந்து சேர்ந்துவிட்டது. மறுத்துச் சொல்ல ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தார். திறந்த வாயை யாராவது அழுகை என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

முதுகைத் தடவத் தடவத்தான் கூசியது. அந்த முதுகு அறுபது கிலோவுக்குக் கூசாத முதுகு.

அவள் அந்தக் கம்ப்யூட்டரை வைத்துத்தான் தெருவுக்கே விண்ணப்பம் அடித்துக் கொடுத்தாள். பிறப்பு, இறப்பு, கரண்ட் இணைப்பு, பள்ளிக்கூடம் மாற்றல், என்ன படிவம் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். மெஷின் கிழட்டு மெஷின். பொத்தானை அமுக்கினால் கண் விழிக்கப் பதினோரு நிமிஷம். "எழுப்புறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்று காத்திருப்பவர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பதினோரு நிமிஷத்தில்தான் டன் எழுத்துக் கற்றுக்கொண்டார், நாற்பத்தாறு வயதில். அவள் நாற்காலியில் உட்காருவாள், அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். மெஷின் உறுமிக்கொண்டிருக்கும். அவள் பழைய படிவத்தின் பின்பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுக் காட்டுவாள். "புள்ளியை முழுங்காதீங்க. புள்ளி என்ன மூட்டையா, கீழ போட்டுட்டு வர்றதுக்கு?" என்பாள். அவருக்குப் புள்ளி வைக்க எப்போதும் மறந்துபோகும்.

நாலு மாதமாக அவள் உள்ளறையில் படுக்கையாகக் கிடந்தாள். முதல் மாதம் அவர்தான் தூக்கினார், குளிப்பாட்டினார், ஊட்டினார். அதில் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் குளியலறைக்குத் தூக்கிப் போகும்போது கைக்குக் கனமே தெரியவில்லை. எத்தனையோ வருஷம் எடை தூக்கிய கை. எடையைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அது சொன்ன எண்ணை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த அறைக்குள் போவதென்றால் கால் பின்வாங்கும். மாத்திரை கொடுக்கப் போவார், கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அவள் ஏதாவது பேச வாயெடுத்தால் "அடுப்புல பால் இருக்கு" என்பார். அடுப்பில் பால் இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒரு வழி சொன்னார். பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்று ஒன்று வருகிறது, அதைப் போட்டால் மெஷின் பறக்கும் என்றார். உள்ளங்கையில் அடங்குகிற, தீப்பெட்டியைத் தட்டையாக்கின மாதிரி ஒரு சாமான். டன் அதைப் பிடித்துக்கொண்டார். அவள் எழுந்து வந்தால் சந்தோஷப்படுவாள் என்று எல்லாரிடமும் சொன்னார். எழுந்து வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குக் கூடத்தில் உட்கார ஒரு வேலை வேண்டியிருந்தது.

நேற்று மத்தியானம் மெக்கானிக் வந்து புது டிஸ்க்கை ஒரு ஒயரில் வெளியே தொங்கவிட்டு, பழையதில் இருப்பதையெல்லாம் அதற்குள் நகல் எடுக்க விட்டார். திரையில் பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது.

"ரெண்டரை மணி நேரம் ஆகும்ணே. அது பாட்டுக்கு ஓடும். நீங்க போய் அக்காகிட்ட இருங்க. நாளைக்கு வந்து உள்ள மாட்டிக் குடுத்துடுறேன்."

அவர் போனதும் டன் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"என்னங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இருபத்தி ரெண்டு ஆயிருக்கு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வந்து செத்த உக்காருங்களேன்."

"கண்ணை எடுக்கக் கூடாதாம்மா. நடுவுல ஏதாவது கேக்குமாம். பதில் சொல்லலைன்னா எல்லாம் அழிஞ்சு போயிடுமாம்."

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. அவள் அந்த மெஷினோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். நம்பியிருப்பாளா? பிறகு அவளே அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"எவ்வளவு ஆச்சு?"

"நாப்பத்தி ஒண்ணு."

"ம்."

பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டாள். அவர் கூடத்தில் இருந்தபடியே சொன்னார். ஐம்பத்தாறு. அறுபத்தி மூணு. எழுபத்தி ஒன்பதுக்கு அவள் "ஓட்டமா ஓடுது" என்றாள். அதில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. இடையில் ஒரு சுவர்தான். எழுந்து நடந்தால் ஆறு எட்டுதான். எண்பத்தெட்டு வந்தபோது அவள் கேட்கவில்லை. அவரே, "எண்பத்தெட்டு!" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தார். நினைத்ததோடு விட்டாரா? அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அந்த அப்பாடாதான் இப்போது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. காலை நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, கோடு நூறைத் தொடும் வரைக்கும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். நூறு ஆனது. மெஷின் ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் எழுந்து உள்ளே போனார்.

*

இன்று காலை பத்து மணிக்கு மகள் வந்து சேர்ந்தாள். வேறு ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பையைக்கூடக் கழற்றாமல் பெட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா. அம்மா கடைசியா என்ன சொன்னா?"

பெரியவள் அங்கிருந்தே, "அப்பாவைப் பிடுங்காதடி. மடியில வச்சிருந்தவர் அவரு. அவர் மனசு என்ன பாடு படும்?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார் டன்.

மகள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவருக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. உருவவில்லை.

வண்டிக்காரர் வந்து வாசலில் நின்றார். மயானத்து ஆபீஸில் படிவம் கேட்கிறார்கள், பூர்த்தி செய்து கொண்டுபோனால்தான் உள்ளே விடுவார்கள் என்றார். படிவம் எங்கே கிடைக்கும் என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எங்க அப்பாவுக்கு... இவங்கதான் அடிச்சுக் குடுத்தாங்க. இவங்க மெஷின்லதான் இருக்கும்."

தெருவில் யார் செத்தாலும் அவள்தான் அடித்துக் கொடுத்திருக்கிறாள். தனக்கு அடிக்க அவள் எழுந்து வரமாட்டாள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

மெக்கானிக் துக்கம் கேட்க வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே பிடித்து உட்காரவைத்தார்கள். அடுத்த வீட்டிலிருந்து நீள ஒயர் வந்தது. அவர் மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய டிஸ்க்கை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, புதியதை உள்ளே திருகினார். கை வேலை செய்ய, வாய் ஆறுதல் சொன்னது.

"நான் சொல்லிட்டுத்தான் போனேன் அண்ணன்கிட்ட. அது பாட்டுக்கு ஓடும், பக்கத்துல உக்காரவே வேணாம், அக்காகிட்ட இருங்கன்னு. நல்லவேளைண்ணே. நீங்க பாட்டுக்கு இதுக்கு முன்னாடி உக்காந்திருந்தீங்கன்னா, நினைச்சுப் பாருங்க."

"அவர் அப்படி உக்காருற ஆளா?" என்றாள் பெரியவள்.

டன் ஜன்னலில் இருந்த பழைய டிஸ்க்கைப் பார்த்தார். வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வைதான்.

மகள் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். பழக்க தோஷம், டன் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பதினோரு நிமிஷத்துக்கான ஸ்டூல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்திருப்பார், அதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது. அவளுடைய கோப்புகளெல்லாம் வரிசை குலையாமல் இருந்தன.

"அடேயப்பா" என்றார் எதிர்வீட்டுக்காரர், தன்னை மறந்து. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

டன் உட்காரவில்லை. குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

மகள் படிவத்தைத் திறந்து வாசித்துக்கொண்டே அடித்தாள். பெயர். வயது ஐம்பத்தி ஒன்று. நோய். முகவரி. விரல்கள் மடமடவென்று ஓடின. "நேரம், நாலு மணி, சரியாப்பா?" என்றாள். அவர் பெட்டியைப் பார்த்தார். நாலு என்றே அடித்தாள். கடைசி வரிக்கு வந்தாள்.

"இறக்கும்போது உடனிருந்தவர்."

"இதைக் கேக்கணுமா? அப்பான்னு போடு" என்றாள் பெரியவள்.

"நான் அடிக்கிறேன்" என்றார் டன்.

"இப்ப எதுக்குத் தம்பி? வண்டி நிக்குது. அவ அடிச்சா நொடியில முடியும்."

"நான் அடிக்கிறேன்."

மகள் எழுந்து இடம் விட்டாள். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே குனிந்தார். ஆள்காட்டி விரலை நீட்டி ஒவ்வோர் எழுத்தாகத் தேடினார். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்த விரல், இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்கும். அழித்துவிட்டு மறுபடி அமுக்கினார். கூடத்தில் யாரோ இருமினார்கள். வாசலில் வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐஸ் பெட்டி தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது. முடித்துவிட்டு நிமிர்ந்தவர், திரும்பக் குனிந்து, உதட்டை அசைத்துத் தானே ஒரு தரம் வாசித்தார். முதல் சொல்லில் புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்தார்.

யாரும் இல்லை.

மகள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, விரல் இன்னும் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. அவள் கை மௌஸைத் தொட்டு அப்படியே நின்றது. பிறகு அச்சடிக்கக் கொடுத்தாள்.

பிரிண்டர் பழையதுதான். அதை யாரும் மாற்றவில்லை. கடகடவென்று முனகி, ஒரு வரி தள்ளி, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த வரியைத் தள்ளியது. எல்லாரும் அது முடியக் காத்திருந்தார்கள். காகிதத்தைப் பெரியவள்தான் உருவினாள். தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"கண்ணாடி இல்லாம ஒரு எழவும் தெரியல. படிச்சுச் சொல்லுடி, எல்லாம் சரியா இருக்கா?"

மகள் காகிதத்தை வாங்கினாள். மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள்.

"சரியா இருக்கு பெரியம்மா" என்றாள். நான்காக மடித்து வண்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பத்து நிமிஷம். வண்டியைத் திருப்பிட்டு வந்துடுறேன்" என்று அவர் போனார்.

ஆட்கள் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். டன் அந்த ஸ்டூலை ஒரு கையால் தூக்கினார். கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு போய், பெட்டியின் தலைமாட்டில் போட்டு, அதில் உட்கார்ந்தார்.