முதல் கட்டத்தில் எழுதிய எண்

தெமாங்குங் ஊர் மேல்நிலைப் பள்ளியில் இறுதித் தேர்வு முடிந்த மறுநாள் ஒரு பங்கு பிரிப்பு நடந்தது. நிலமோ வீடோ அல்ல. படிப்பு. எந்தப் படிப்புக்கு யார் விண்ணப்பிப்பது என்று மாணவர்களே உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள்.

முந்தைய வருடம் நாலு பேர் கட்டடப் பொறியியலையே முதல் விருப்பமாக எழுதினார்கள். ஒருவனுக்குக் கிடைத்தது. மற்ற மூவரும் ஊரோடு நின்றுபோனார்கள். ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிக்கொண்டார்கள் என்று ஊர் பேசியது. நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் எழுதுகிற நுழைவுத் தேர்வு அது. யோக்யா பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பின் வாசலில் மட்டும் இரண்டாயிரம் பேர் நிற்பார்கள். அதில் தெமாங்குங்கிலிருந்து ஒருத்தி போனாலென்ன, இரண்டு பேர் போனாலென்ன. அந்த வகுப்பில் இருந்த ரத்மிக்கு இது பிறகுதான் புரிந்தது. பதினெட்டு வயதில் போட்டி என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான்.

வகுப்புத் தலைவன் சர்வோனோ மாதிரித் தேர்வு மதிப்பெண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தான்.

"மருத்துவம். அது நான்," என்றான்.

"சோறு போடுறவன் மொதல்ல தன் தட்டுல போட்டுக்கிட்டான் பாரு," என்றாள் திவி.

"மார்க்கு பேசுது. நான் பேசல."

"மார்க்குக்கு எப்படிடா உன் குரல் வந்துச்சு?"

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. சர்வோனோ அடுத்த வரிக்குப் போனான். "மருந்தியல்."

இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று திவியுடையது. மற்றது ரத்மியுடையது. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தியின் ஆசை மற்றவளுக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டதில்லை.

"திவிக்கு ஆறு மார்க் கூட. ரத்மி, நீ வனவியல் எடுத்துக்க. ரெண்டாவதா மருந்தியல் போட்டுக்க."

"காட்டுல போய் நான் என்ன பண்றது?"

"மரத்துக்கு மருந்து குடு."

மறுபடியும் சிரிப்பு. மருந்தியலை இரண்டாவது கட்டத்தில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் எழுதியவர்களுக்கே அங்கே இடம் போதாது.

"சரி," என்றாள் ரத்மி.

சர்வோனோ குறித்துக்கொண்டான். திவி யாரையும் பார்க்காமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ரத்மியின் அம்மாவுக்குச் சோற்றுக் கடை. எதிரே மருந்துக் கடை. குழந்தைகளுக்கென்றால் அங்கே மாத்திரைகளை உரலில் அரைத்து, பொடியாக்கி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். நோன்பு மாதத்தில் ஆள் போதாமல் ரத்மியை மடிக்கக் கூப்பிட்டார்கள். பத்துப் பொட்டலமும் ஒரே அளவு. ஈரம் புகாத மடிப்பு. தராசின் முன் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் நிற்பாள். ஒருநாள் அவள் டாக்டரின் சீட்டையே திருப்பி அனுப்பினாள். "இந்த வயசுக்கு இது அதிகம். கேட்டு வாங்கிட்டு வாங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அன்றிலிருந்து ரத்மிக்கு வேறு எதுவாகவும் ஆகத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் விண்ணப்பத் தாளை வாங்கி, நிரப்பிக் கொடுக்க யோக்யாவுக்குப் போனார்கள். விடிகாலைப் பேருந்து. திவியின் மடியில் இரண்டு காலண்டர் அட்டைகள். தாள் மடங்கக் கூடாது. வியர்வை படக் கூடாது. அழித்த கறை இருந்தால் இயந்திரம் துப்பிவிடும். இப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். அந்த இயந்திரத்தை யாரும் பார்த்ததில்லை. பேயைப் போல அதன் குணம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"உங்கம்மா தெம்பே வறுத்துக் குடுத்தாங்கதானே? வாசன வருது," என்றாள் திவி. புளிக்கவைத்த சோயாவின் வறுவல் ரத்மியின் பையில் இருந்தது.

"தாளைக் குடுத்துட்டு வந்துதான் பிரிக்கணும். எண்ணெய்."

"ஒண்ணே ஒண்ணு."

"வேணாம்டி."

"அதுவும் சரிதான். எண்ணெய்க் கையோட மருந்தியல்னு எழுதினா மிஷின் என்னையே வறுத்துத் தின்னுடும்."

ரத்மி சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

இப்போது ரத்மிக்கு ஐம்பத்திரண்டு வயது. விண்ணப்பமெல்லாம் கைப்பேசியில் முடிகிறது. முடிவும் அதிலேயே வருகிறது. நீலம் வந்தால் உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. படித்த நாலு வருடத்தில் பாதி அவளுக்கு மறந்துவிட்டது. அந்தப் பேருந்தின் சன்னல் கம்பி மறக்கவில்லை. திவியின் பின்னல் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் தோளில் வந்து விழுந்ததும் மறக்கவில்லை.

பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மகிழ மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பினார்கள். பெயர், பள்ளி, பிறந்த நாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வட்டம். திவி சீக்கிரம் முடித்துவிட்டு டீ வாங்கப் போனாள்.

ரத்மி தனியாக இருந்தாள். முதல் விருப்பம் என்ற கட்டம் வந்தது. வனவியலின் எண்ணைக் கையேட்டில் தேட வேண்டும். மருந்தியலின் எண் மனப்பாடம். பென்சில் தெரிந்த வழியில் போயிற்று. ஒவ்வொரு வட்டத்தையும் கறுப்பாக, முழுதாக நிரப்பினாள். பிறகு கையேட்டைத் திறந்து வனவியலைத் தேடி இரண்டாவது கட்டத்தில் எழுதினாள்.

திவி இரண்டு பிளாஸ்டிக் பைகளில் டீயோடு வந்தாள். இரண்டிலும் உறிஞ்சு குழல். ரத்மி தன் டீயைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டாள்.

வரிசையில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். திவி முன்னால், ரத்மி பின்னால். சாளரத்துக்கு நாலு பேர் மிச்சம் இருந்தபோது ரத்மி சொன்னாள்.

"திவி, நான் மருந்தியல் போட்டுட்டேன்."

"தெரியும். ரெண்டாவதா."

"மொதல்ல."

திவி திரும்பினாள். ரத்மியின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வரிசை ஓரடி நகர்ந்தது.

"ரப்பர் வச்சிருக்கேன். அழிச்சிடறேன்," என்றாள் ரத்மி.

"எவ்ளோ அழுத்தி எழுதியிருக்க. பின்பக்கம் தடம் தெரியுது."

"அழிச்சிடறேன்டி."

"அழிச்சா கிழியும். கிழிஞ்சா உனக்கு ரெண்டுமே போச்சு." திவி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "சர்வோனோகிட்ட சரின்னு சொன்னது நீதானே?"

"நான்தான்."

"அன்னைக்கே எனக்கு வேணும்னு சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். சண்ட போட்டு வாங்கினா சந்தோஷமா எழுதியிருப்பேன். இப்ப அதுவும் இல்ல."

"அடுத்தவங்க வாங்க," என்றாள் சாளரத்துக்குப் பின்னாலிருந்த அம்மாள்.

திவி ரத்மியின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். "நீ மொதல்ல போ. பின்னால நின்னா என் தாள்ல டீய ஊத்திடுவ."

ரத்மியின் தேர்வு எண் நாற்பத்தேழில் முடிந்தது. திவியுடையது நாற்பத்தெட்டு.

திரும்பும்போது பேருந்தில் தெம்பே பொட்டலத்தைப் பிரித்தார்கள். வழியிலிருந்த மாகெலாங்கைப் பேருந்து தாண்டியது.

"பச்ச மிளகா உனக்கு வேணுமா?" என்றாள் திவி.

"வேணாம்."

"நெஜமாவே வேணாமா, இல்ல சரின்னு சொல்லிட்டு அப்புறம் எடுத்துப்பியா?"

ரத்மி அழுதாள். திவி மிளகாயைக் கடித்துவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரம் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. சர்வோனோவிடமும் சொல்லவில்லை. ஒரே அறையில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து நுழைவுத் தேர்வு எழுதினார்கள். திவியின் ரப்பர் உருண்டு வந்தபோது ரத்மி எடுத்துக் கொடுத்தாள்.

முடிவு ஆகஸ்டில் செய்தித்தாளில் வந்தது. யோக்யாவிலிருந்து முதல் பேருந்தில் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. நிலையத்தில் ஒரே கூட்டம்.

"தள்ளாதீங்கப்பா," என்றான் செய்தித்தாள் விற்கிற மாஸ் பார்னோ. "பாஸானவனுக்கும் ஃபெயிலானவனுக்கும் ஒரே பேப்பர்தான்."

இருவரும் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். நிலையத்துச் சுவரில் உட்கார்ந்து விரித்தார்கள். பட்டியல் தேர்வு எண் வரிசையில் இருந்தது. திவியின் விரல் கீழே இறங்கியது. முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று. நாற்பத்தேழு. ரத்மியின் பெயர். பக்கத்தில் மருந்தியலின் எண்.

அடுத்த வரி ஐம்பத்திரண்டு.

விரல் நாற்பத்தேழுக்கு ஏறி மறுபடி இறங்கியது. இடையில் எதுவும் இல்லை. முதல் விருப்பம் இல்லை. இரண்டாவதும் இல்லை.

"அச்சுல விட்டுப்போயிருக்கும்," என்றாள் ரத்மி. "வேற பேப்பர் வாங்கலாம்."

வாங்கினார்கள். அதில் எழுத்து இன்னும் பொடி. அதிலும் நாற்பத்தேழுக்கு அடுத்து ஐம்பத்திரண்டு. மாஸ் பார்னோவிடம் மூன்றாவது ஒன்றும் இருந்தது. ரத்மி எழுந்தாள்.

"உக்காரு, போதும்," என்றாள் திவி. "மூணாவதுல உன் பேரும் காணாமப் போயிடப்போகுது."

சுற்றிலும் யாரோ சிரித்தார்கள், யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள்.

"நான் அழிச்சிருந்தா?" என்றாள் ரத்மி.

"நாப்பத்தேழு இருந்திருக்காது. நாப்பத்தெட்டு வந்திருக்குமான்னு அந்த மிஷினத்தான் கேக்கணும்."

அடுத்த வருடம் திவி யாரிடமும் கேட்காமல் எழுதினாள். செமாராங்கில் சட்டம் கிடைத்தது. வாதாடுவதில் பெயரெடுத்தாள். ஆனால் அன்று அதெல்லாம் யாருக்குத் தெரியும். அன்று பாலம் வரை இருவரும் ஒன்றாக நடந்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் திவியின் வீடு.

"உங்கம்மாகிட்ட மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டுப் போகாத," என்றாள் திவி. "ஃபெயிலானது நான்."

கடையில் அம்மா அகப்பையோடு வெளியே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்து, தட்டில் சோறு போட்டாள்.

"சரி விடு. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்," என்றாள். பிறகு, "திவிக்குக் கெடச்சுதா?"

ரத்மி இல்லையென்று தலையசைத்தாள்.

"அவளுக்குமா?" அம்மா இன்னொரு தட்டை எடுத்தாள். "போய் அவளையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

ரத்மி செய்தித்தாளை மேசைமேல் விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். திவி இன்னும் பாலத்தைத் தாண்டியிருக்கவில்லை.